முதல் மழை இரவில் நுணலைத் தேடும் முறை

மண்ணுக்குள் வாழும் தவளையான நுணலைப் பார்க்க மலைக்காட்டுக்குப் போகத் தேவையில்லை. ஊரோரத் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்குள் கழிக்கிறது. கோடை மழையோ பருவமழையோ முதன்முதலாக வலுத்துப் பெய்யும் இரவில் இணை சேர மேலே வரும். அந்த ஓரிரண்டு இரவுகள்தாம் வாய்ப்பு. பகலில் மண்ணைத் தோண்டித் தேடுவது வீண். அதன் வளையும் பாழாகும்.

மழை விட்டு இருட்டியதும் கிளம்புங்கள். முழங்காலுக்கும் குறைவாகப் புதுத் தண்ணீர் தேங்கிய இடமாகப் பாருங்கள். மீன் உள்ள குளத்தில் முட்டையும் தலைப்பிரட்டையும் மிஞ்சுவது அரிது. கம்பூட்ஸ் கட்டாயம், தவளைச் சத்தம் கேட்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். பொந்திலோ புதரிலோ கை விடாதீர்கள். கடிபட்டால் உடனே 108.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தேடுவதற்கும் அதுவே வழி. காலடி அதிர்ந்தால் கூட்டமே அடங்கிவிடும். இருபது அடி தள்ளி நின்று, விளக்கை அணைத்து, பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். இருவர் பத்தடி இடைவெளியில் நின்று, ஒரே குரலை நோக்கி ஆளுக்கொரு கை நீட்டுங்கள். இரு கைகளும் காட்டும் கோடுகள் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும். தனியாகத் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

டார்ச்சை உங்கள் கண்மட்டத்தில் பிடித்தால்தான் தவளையின் கண் மின்னுவது தெரியும். புல்லில் பொடிப்பொடியாக மின்னுபவை பெரும்பாலும் சிலந்திகள்.

கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் புடைத்த சுரப்பி இருந்தால் அது தேரை. நுணலுக்கு அது கிடையாது. உடல் உருண்டை, கால் குட்டை, பின்னங்கால் அடியில் மண் தோண்டும் கெட்டியான முண்டு இருக்கும். முதுகு, பக்கவாட்டு, முகம் மூன்றையும் படமெடுங்கள். குரலை அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். இனத்தை உறுதிசெய்யப் படத்தைவிடக் குரலே பலமுறை உதவும். தொடாதீர்கள். கொசு விரட்டி பூசிய கை அதன் ஈரத் தோலுக்கு நஞ்சு. அடுத்த குட்டைக்குப் போகுமுன் பூட்ஸ் சேற்றைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை சேற்றோடு பரவும்.

இரவு தவறிப்போனால் விடியற்காலையில் தண்ணீரைப் பாருங்கள். கறுப்பு மணி கோத்த சரமாகக் கிடந்தால் தேரை முட்டை. நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் படர்ந்து மிதந்தால் பலூன் தவளை என்னும் நுணல் வகையோ அதன் உறவினமோ வந்து போயிருக்கிறது. அந்தக் குட்டையைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் மழைக்கு நேரே அங்கே போகலாம்.