பேஸ்பால் தெரியாத கூட்டத்துக்கு, மறந்துபோன பேஸ்பால் ஆட்டக்காரங்கள வச்சு குவிஸ் ரவுண்டு போடுறது எப்படி

குவிஸ் ராத்திரியில பேஸ்பால் ரவுண்டு போடப்போறேன்னு சொன்னீங்கன்னா உடனே ஒரு குரல் வரும், 'யாருக்குங்க இங்க பேஸ்பால் தெரியும்?' தெரியாது, அதனாலதான் போடச் சொல்றேன். ஃபுட்பால் ரவுண்டுன்னா பிரீமியர் லீக்க கரைச்சு குடிச்ச ரெண்டு டேபிள் மட்டும் கைய தூக்கும், மத்தவங்கல்லாம் போன நோண்டிக்கிட்டு இன்னொரு தே தாரே சொல்லிட்டு உக்காந்திருப்பாங்க. பேஸ்பால்னா பிரிக்ஃபீல்ட்ஸ் ஆளு, செந்தூல் ஆளு, கிள்ளான்ல இருந்து ரெண்டு மணி நேரம் ஜாம்ல வந்த ஆளு எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கிறாங்க.

ஆனா ஒண்ணு, பேர் கேக்குற கேள்வியா போட்டா ரவுண்டு அங்கயே படுத்துரும். '1952ல அமெரிக்கன் லீக்ல (மேஜர் லீக்ங்கிற உச்ச மட்டத்துல இருக்குற ரெண்டு லீக்ல ஒண்ணு) எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர், யாரு?'ன்னு கேட்டா பதில் பாபி ஷாண்ட்ஸ், சரி, அதுக்கு மேல என்ன? யாருக்கும் தெரியாது, தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. பதில சொன்னதுக்கு அப்புறம் கூட்டத்துல இருந்து திருப்பி ஒரு கேள்வி வருதா, அத வச்சுதான் நான் கேள்விய எடைபோடுவேன். வந்தா வச்சுக்கலாம், வரலன்னா கிழிச்சுப் போட்டுடலாம்.

முதல்ல ஆட்டத்த ஒரு நிமிஷத்துல சொல்லிடுங்க, அதுக்கு மேல வேணாம். பள்ளிக்கூடத்துல ரவுண்டர்ஸ் ஆடாதவங்க இங்க யாரு இருக்கா, அத ஞாபகப்படுத்தினா போதும். ஒருத்தர் பந்து போடுவாரு, அவரு பிட்ச்சர், அடிக்கிறவர் நாலு பேஸையும் சுத்தி வந்தா ஒரு ரன், மூணு அவுட் ஆனா அடுத்த டீம் அடிக்க வரும், இப்படி ஒன்பது இன்னிங்ஸ், சமமா இருந்தா அதுக்கு மேலயும் போகும். அடிக்கிறவங்கள்ல ஒருத்தர் கூட முதல் பேஸ தொடவே இல்லன்னா அது பெர்ஃபெக்ட் கேம், 27 பேரு வந்து 27 பேரும் அவுட். இத மட்டும் சொல்லிட்டு நிறுத்துங்க, ஏன்னா அடுத்து வர்ற ஹார்வி ஹேடிக்ஸ்ங்கிற பிட்ச்சர் கேள்விக்கு இதுதான் வேணும்.

ஹேடிக்ஸ் கேள்விய இப்படி கேளுங்க: '1959 மே 26, மில்வாக்கியில ஒரு பிட்ஸ்பர்க் பிட்ச்சர், உடம்பு சரியில்லாம இருந்தும் வந்து போட்டாரு, வரிசையா 36 பேர அவுட்டாக்குனாரு, 12 இன்னிங்ஸ் ஒருத்தரும் பேஸ தொடல. மேட்ச் முடிஞ்சப்ப அவரு ஜெயிச்சாரா, தோத்தாரா, டிராவா?' மூணு சாய்ஸ் குடுத்துட்டோம், பேரே கேக்கல பாருங்க. பாதி டேபிள் ஜெயிச்சாருன்னுதான் எழுதும். தோத்தாரு, 1-0. பின்னாடி டேபிள்ல இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, 'ஏன் தம்பி, 36 பேர அவுட்டாக்குனவன் எப்படிப்பா தோப்பான்?' இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடு. இப்ப நீங்க கதைய அவுத்து விடலாம்: இவரு டீம் 12 ஹிட் (பந்த அடிச்சு பேஸுக்குப் போறது) அடிச்சும் ஒரு ரன் எடுக்கல, எதிர்ல லூ பர்டெட்டும் விடாம 13 இன்னிங்ஸ் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. 13வதுல இவரு டீம் ஃபீல்டர் எறிஞ்சது தப்பாப்போக ஒருத்தன் முதல் பேஸுக்கு வந்துட்டான். அடுத்தவன் பந்த மெதுவா தட்டி அவன ரெண்டாவது பேஸுக்கு நகத்துனான், அப்புறம் ஹாங்க் ஏரன வேணும்னே நடக்க விட்டாங்க (வாக்னு பேரு, அடிக்க முடியாத பந்தா போட்டு சும்மா முதல் பேஸுக்கு அனுப்புறது), அதுக்கப்புறம் ஜோ ஆட்காக் வந்து வேலிக்கு அந்தப்பக்கம் தூக்கி அடிச்சாரு. ஹோம் ரன், மூணு ரன் வந்திருக்கணும், ஆனா ஏரன் பாதியில ஓட்டத்த விட்டு விலகிட, பின்னாடி வந்த ஆட்காக் அவர தாண்டி ஓடிட்டாரு, அதனால அது டபுள்னு (ரெண்டு பேஸ் அடி) ஆகி ஸ்கோர் 1-0. இதோட முடியல, 1991ல கமிட்டி ஒண்ணு உக்காந்து ஒன்பது இன்னிங்ஸுக்கு அப்புறம் ஹிட் விழுந்தாலும் நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத மேட்ச்) கணக்கு கிடையாதுன்னு ரூல் போட்டு இத லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க. எனக்கு இன்னிக்கும் அந்த ரூல் மேல கோவம் உண்டு.

ஒரே ஆள் மேல ரெண்டாவது கேள்வியும் வைக்கலாம், ஆனா ரவுண்டோட கடைசிப் பக்கமா வையுங்க. 1960 வேர்ல்ட் சீரிஸ் (அந்த வருஷ சாம்பியன் யாருன்னு முடிவாகுற தொடர்) ஏழாவது மேட்ச், பிட்ஸ்பர்க்கோட பில் மஸரோஸ்கி கடைசியில ஹோம் ரன் அடிச்சு யாங்கீஸ 10-9ல கவுத்தாரு, எல்லாரும் மஸரோஸ்கியத்தான் சொல்வாங்க, அந்த மேட்ச்ல வெற்றி கணக்கு எழுதப்பட்ட பிட்ச்சர் யாரு? 'இன்னிக்கு ராத்திரி ஏற்கனவே நம்மகிட்ட தோத்தவர்'னு ஒரு ஹின்ட் குடுத்தா போதும். சரியா எழுதுன டேபிள் ஒரு கத்து கத்தும் பாருங்க.

ஆளுங்கள எங்க தேடுறதுன்னா, ரெண்டாவதா வந்தவங்கள்ட்ட தேடுங்க. முதல் ஆள எல்லாருக்கும் தெரியும். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15ல, கறுப்பர்கள மேஜர் லீக்ல சேக்காத நிறத்தடைய உடைச்சாருன்னு பேஸ்பால் தெரியாதவங்க கூட எங்கயோ படிச்சிருப்பாங்க. பதினோரு வாரம் கழிச்சு ஜூலை 5, கிளீவ்லாண்டுக்கு வந்த லாரி டோபிய யாருக்குத் தெரியும்? ராபின்சனுக்காவது ஒரு வருஷம் மான்ட்ரியல்ல கீழ் லீக்ல பழக டைம் கிடைச்சுது, டோபி கறுப்பர்களோட நீக்ரோ லீக்ல நூவர்க் ஈகிள்ஸ்ல ஆடிக்கிட்டிருந்தவரு நேரா அமெரிக்கன் லீக்ல வந்து எறங்குனாரு, டீம்ல சில பேரு கைகுடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. அடுத்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் நாலாவது மேட்ச்ல அவரு அடிச்ச ஹோம் ரன்னாலதான் கிளீவ்லாண்ட் 2-1னு ஜெயிச்சுது, அன்னிக்கு பிட்ச் பண்ண ஸ்டீவ் க்ரோமெக்ங்கிற வெள்ளைக்காரரும் டோபியும் கன்னத்தோட கன்னம் ஒட்டி கட்டிப்பிடிச்சு சிரிக்கிற ஒரு போட்டோ இருக்கு, 1948ல அமெரிக்க பேப்பர்ல அப்படி ஒரு படம் வர்றதுன்னா சும்மா இல்ல. அந்த போட்டோவ ப்ரொஜெக்டர்ல போட்டு 'இந்த ரெண்டு பேரும் ஏன் கட்டிப்பிடிச்சிருக்காங்க?'ன்னு கேளுங்க. கூடவே இன்னொண்ணு, 1978ல மேனேஜரா வந்த கறுப்பர்கள்லயும் இவரு ரெண்டாவதுதான், அங்கயும் முன்னாடி நின்னவர் பேரு ராபின்சன், ஆனா ஃபிராங்க் ராபின்சன். இதெல்லாம் யாரும் கற்பனையில எழுதுனா நம்பமாட்டோம். ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்கள கௌரவிக்கிற இடம்) டோபிய சேக்க 1998 ஆச்சு.

அடுத்த நல்ல இடம் யுத்த காலம். பெரிய ஆளுங்கல்லாம் ராணுவத்துக்குப் போயிட்டதால டீமுக்கு கெடச்சவங்கள வச்சு ஆடினாங்க, 1944ல சின்சினாட்டி ஜோ நக்ஸால்னு 15 வயசுப் பையன பிட்ச் பண்ண விட்டுச்சு. 1945ல செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு 77 மேட்ச் ஆடுன பீட் கிரேக்கு வலது கை கிடையாது. இவர பத்தி கேக்கும்போது 'ஒரு கை ஆளு யாரு?'ன்னு கேக்காதீங்க, அசிங்கமா இருக்கும். 'ஒரே கையால பந்த பிடிச்சுட்டு அதே கையால எப்படி எறிஞ்சாரு?'ன்னு கேளுங்க, டேபிளுக்கு டேபிள் டிஷ்யூ பேப்பர சுருட்டி எந்திரிச்சு நின்னு செஞ்சு பாப்பாங்க. விடை: பிடிச்ச உடனே கிளவ்ஸ வலது பக்கம் மிச்சமிருக்குற குட்டைக் கைக்கு அடியில சொருகிட்டு, பந்த நெஞ்சு மேல உருட்டி விட்டு, விடுபட்ட கையில எடுத்து எறிவாரு, எல்லாம் ஒரு மூச்சுல. சும்மா பரிதாபத்துக்கு சேத்தாங்கன்னு யாராவது சொன்னா, முந்தின வருஷம் மெம்ஃபிஸுக்கு 68 பேஸ் திருடி (பந்து அடிபடாமயே அடுத்த பேஸுக்கு ஓடிப்போறது) அந்த லீக்கோட எம்விபி ஆனவருன்னு சொல்லி வாய அடைச்சிடுங்க. அதே பிரவுன்ஸ் 1951ல எடி கெடல்னு மூணடி ஏழு இஞ்ச் உயரமுள்ளவர 1/8ங்கிற நம்பர் சட்டையோட எறக்குனாங்க, எல்லா ட்ரிவியா புக்லயும் இருக்கும், நான் அத வைக்கிறதே இல்ல, ஒருத்தர் உயரத்த பாத்து கூட்டம் சிரிக்கிறதுக்கு குவிஸ் எதுக்கு. அந்த சீசன்ல கேக்கணும்னா நெட் கார்வர்ங்கிற பிட்ச்சர கேளுங்க, டீம் 102 மேட்ச் தோத்துச்சு, அதே டீம்ல இவரு பேர்ல 20 வெற்றி.

ஆசியாக்காரங்களுக்கு ஒரு கேள்வியாவது வேணும், அப்பத்தான் நம்ம கூட்டம் நிமிந்து உக்காரும். மசனோரி முரகாமி 1964 செப்டம்பர் 1ல சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு ஆடுனாரு, மேஜர் லீக்ல முதல் ஜப்பான்காரர், அடுத்தவர் ஹிடியோ நோமோ வர 1995 ஆச்சு. ஒரு பெண் ஆளும் வேணும்: 1953ல நீக்ரோ லீக் டீமான இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸுக்கு ஆம்பளைங்களோட சேந்து ரெண்டாவது பேஸ்ல ஆடுன டோனி ஸ்டோன்.

இப்ப செக் பண்ற வேலை, இதுல சோம்பேறித்தனம் பட்டா மேடையில மாட்டுவீங்க. 'முதல்'னு எழுதுனா பக்கத்துலயே எந்த லீக், எந்த காலம்னு எழுதுங்க. ராபின்சன் முதல் கறுப்பர்னு மொட்டையா சொன்னா, 1884லேயே டொலிடோவுக்கு ஃப்ளீட் வாக்கர் ஆடுனாருன்னு ஒரு ஆளு எந்திரிப்பாரு, எந்திரிச்சா அவரு சொல்றதுதான் சரி, 'இருபதாம் நூற்றாண்டுல'ன்னு ஒரு வார்த்த சேத்தா பிரச்சனையே இல்ல. பழைய ட்ரிவியா புக் விடையையும் நம்பாதீங்க. ஆயுசு முழுக்க பேட்டிங் சராசரியில (அடிக்க நின்னதுல எத்தன தடவ ஹிட்ங்கிற கணக்கு) முதலிடம் யாருன்னா டை காப்னுதான் எந்தப் பழைய புக்லயும் இருக்கும், ஆனா 2024 மே மாசம் நீக்ரோ லீக் கணக்க மேஜர் லீக் கணக்கோட சேத்ததுல ஜாஷ் கிப்சன் .372னு மேல வந்துட்டாரு, காப் .367. கிப்சன் 1947 ஜனவரியில செத்துட்டாரு, ராபின்சன் எறங்க மூணே மாசம் இருந்துச்சு. மேட்ச் தேதி, ஸ்கோருக்கு ரெட்ரோஷீட், பேஸ்பால்-ரெஃபரன்ஸ்ங்கிற ரெண்டு வெப்சைட்லயும் ஒரு தடவ பாத்துடுங்க, ரெண்டும் ஒத்துப்போனா எழுதுங்க.

வரிசை பெருசா மெனக்கெட வேணாம், லேசா ஆரம்பிங்க, சூடு புடிக்க ஹேடிக்ஸ நடுவுல வையுங்க. ஆரம்பத்துல கூட்டம் ரொம்ப மந்தமா இருந்தா நம்மூர்க் கேள்வி ஒண்ணு போட்டு எழுப்பலாம், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுல மூணு தங்கம் ஓடி எடுத்த நம்ம மலேசிய டாக்டர் யாருன்னு கேட்டா மணி ஜெகதீசன்னு பெரியவங்க டேபிள் சட்டுனு எழுதும், சின்னப் பசங்க முழிப்பாங்க, அந்த சத்தத்தோட பேஸ்பாலுக்குள்ள போயிடலாம். பேரையெல்லாம் உங்க பேப்பர்ல தமிழ்லயே எழுதி வச்சுக்கோங்க, மைக்க பிடிச்சுட்டு Paciorekங்கிற பேர 'பஸியோ... பசியா...'ன்னு திக்குனா கடையில இருக்குறவங்க பசியாறப் போயிடுவாங்க. அவரு பேரு பச்சோரெக், ஜான் பச்சோரெக், 1963 சீசனோட கடைசி நாள், வயசு 18, ஹூஸ்டனுக்கு ஒரே மேட்ச், மூணு தடவ அடிச்சு மூணும் ஹிட், ரெண்டு வாக், நாலு ரன். முதுகு கெட்டுப்போச்சு, அப்புறம் மேஜர் லீக்ல ஆடவே இல்ல. சராசரி 1.000, அத யாரும் தாண்ட முடியாது.

டை ஆயிடுச்சுன்னா நம்பர் கேள்வி, யாரு கிட்டக்க வர்றாங்களோ அவங்களுக்கு. என் கைவசம் எப்பவும் இருக்குறது டேல் மிட்செல். 1956 வேர்ல்ட் சீரிஸ்ல டான் லார்சன் பெர்ஃபெக்ட் கேம் போட்டாரே, அதுல 27வதா வந்து ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் விழுந்து அடிக்காமயே அவுட்) ஆனவரு. அம்பயர் கைய தூக்குனாரு, மிட்செல் கடைசி வரைக்கும் அந்தப் பந்து வெளியதான் போச்சுன்னு சொல்லிட்டே இருந்தாரு. இந்த மனுஷன் ஸ்ட்ரைக் அவுட்டே ஆகாத ஆளுன்னு பேரு வாங்குனவரு, அதான் கொடும. கேள்வி: '11 ரெகுலர் சீசன்ல, 3,984 அட்-பேட்ல (அடிக்க நின்ன தடவ), மொத்தம் எத்தன தடவ ஸ்ட்ரைக் அவுட் ஆனாரு?' விடை 119. ரெண்டு டேபிளும் ஒரே நேரத்துல பேப்பர்ல எழுதிக் குடுக்கணும், வாயால சொல்லவிட்டா ரெண்டாவது டேபிள் முதல் டேபிள் சொன்னதோட ஒண்ண கூட்டிச் சொல்லும்.