திராட்சைத் தோட்டப் பக்கம் போகிறீர்களா? காலையில் போங்கள்

கோவையிலிருந்து வடவள்ளி, தொண்டாமுத்தூர் வழியாக நரசீபுரம் வரை காரில் சுற்றி வர நினைத்தால் காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பழத்தைத் திரும்பி வரும்போது வாங்குங்கள்.

சாலை மேற்கே போகிறது. அதனால் காலையில் வெயில் முதுகுப் பக்கம் விழும். எதிரே மலை மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் அதே மலை வெறும் கருநிழல்தான், ஓட்டுகிறவருக்குக் கண்கூச்சம் வேறு.

பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. போகும்போதே வாங்கி டிக்கியில் போட்டால், நீங்கள் சுற்றி முடிப்பதற்குள் சூட்டில் காம்பு வாடி மணிகள் உதிரத் தொடங்கும். கடைசியாக வாங்கி, ஏசி படும் இடத்தில் அகலமான பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். மேலே சாம்பல் பூத்தது போல இருப்பது பழத்தின் இயற்கையான மெழுகு. அதைப் பார்த்து மருந்து என்று பயந்து உடனே கழுவி வைக்க வேண்டாம், ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும். சாப்பிடும் முன் நன்றாகக் கழுவினால் போதும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. மேகம் மலையை மூடிவிட்டால் காலை என்ன, மாலை என்ன. அப்புறம், கவாத்து (கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்து ஏறத்தாழ 4 மாதம் கழித்துத்தான் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும் என்பதால், பந்தலில் பழம் தொங்குகிறதா என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுங்கள்.