அடைமழைக்கு முன்னால் அத்தியைப் பழுக்க வைப்பது எப்படி?

குளிர் நாடுகளில் சீமை அத்தி வளர்ப்பவர்களுக்கு இலையுதிர் காலம்தான் எமன். குளிர் தொட்டதும் காய் அப்படியே நின்றுவிடும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நமக்கு அந்தக் கவலை கிடையாது. நம் எமன் ஐப்பசி மழை. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும், உள்ளே புளிக்கும். தப்பிப் பிழைத்ததும் சப்பென்றுதான் இருக்கும்.

பறித்து வைத்துப் பழுக்க விடலாமே என்று கேட்காதீர்கள். காயாகப் பறித்த அத்தியை அரிசிப் பானைக்குள் புதைத்தாலும் இனிப்பு ஏறாது. மரத்திலேயே பழுக்க வேண்டும், அதுவும் புரட்டாசிக்குள்.

முதலில் இடம். தொட்டியில் வைத்திருந்தால் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். இரண்டாங்கட்டு முற்றம் பார்க்க அழகுதான். ஆனால் சுற்றிலும் உயரமான சுவர். உச்சிவெயில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அத்திக்கு அது போதாது.

ஆவணி பிறந்ததும் நுனி கிள்ளுங்கள். காய் பிடித்த ஒவ்வொரு கிளையிலும் உச்சிக் குருத்தை மட்டும் எடுத்தால் போதும். கிளை நீள்வது நின்று, சத்து காய்க்குப் போகும். கூடவே நுனிப்பக்கம் இருக்கும் மிளகு அளவுக் காய்களையும் உதிர்த்துவிடுங்கள், அவை எப்படியும் மழைக்கு முன் தேறாது. விரலால் கிள்ளாதீர்கள், ரோஜாச் செடி வெட்டும் கத்தரியே நல்லது, கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டின இடத்தில் கசியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் நம்மூர் வெயிலும் பட்டால் கொப்புளமே வந்துவிடும்.

இலையைப் பறித்துக் காய்க்கு வெயில் காட்டச் சொல்வார்கள். அதெல்லாம் வெயில் குறைந்த ஊருக்கு. இங்கே இலை இருக்கட்டும்.

மாட்டெரு, மீன் அமிலம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். விறகடுப்புச் சாம்பல் ஒரு பிடி போடலாம். தண்ணீர் மட்டும் ஒரே சீராகப் போக வேண்டும். காயவிட்டு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றினால் மழை செய்கிற வேலையை நீங்களே செய்ததாகும்.

இனி எண்ணெய் வைத்தியம். பலரும் சறுக்குவது இதில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அத்திக்காய் முதலில் விறுவிறுவென்று வளரும். அப்புறம் பல வாரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். கடைசியில் திடீரென்று ஊதிப் பழுக்கும். அந்த அசையாத கட்டம் முடியப்போகும் சமயத்தில் காயின் அடியில் உள்ள கண்ணில் ஒரு துளி தாவர எண்ணெய் வைத்தால், காய் தனக்குள்ளேயே எத்திலீன் வாயுவைச் சுரந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழுத்துவிடும். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெய் வைத்துக் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. நான் வைப்பது நல்லெண்ணெய்.

எப்போது வைப்பது? காம்பின் எதிர்ப்பக்கம் உள்ள அந்தச் சின்னத் துளையைப் பாருங்கள். பச்சையாக மூடிக் கிடந்தால் தொடாதீர்கள். அதைச் சுற்றி லேசாகச் சிவப்போ இளஞ்சிவப்போ ஓடியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயைப் பலி கொடுத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் பொறுங்கள். சிவப்பு ஏறியிருந்தால் அதே அளவில் உள்ள மற்றவற்றுக்கு வைக்கலாம். அவசரப்பட்டு வைத்தால் காய் உதிரும், இல்லாவிட்டால் சக்கையாகப் பழுக்கும். கிளையின் அடிக்காய்தான் மூத்தது, அங்கிருந்து மேலே போங்கள். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டாம்.

காது குடையும் பஞ்சுக்குச்சிதான் இதற்குத் தோதானது. பிரஷ் எண்ணெயைத் தோல் முழுக்க இழுகிவிடும். ஊசியால் கண்ணைக் குத்தி எண்ணெய் விடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, குத்தின ஓட்டை எறும்புக்கு வாசல். கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள், பழம் பழுக்க வைக்க அது தடைசெய்யப்பட்டது.

நிமிர்ந்து நின்ற காய் கழுத்து மடங்கித் தொங்கும். தொட்டால் மெத்தென்றிருக்கும், தோலில் மெல்லிய கீறல் விழும், கண்ணில் தேன் போல ஒரு சொட்டு நிற்கும். அப்போது காலையிலேயே பறித்துவிடுங்கள். காம்பில் இன்னும் பால் வடிந்தால் ஒரு நாள் முந்திவிட்டீர்கள்.

பின்சேர்க்கை: எண்ணெய் வைத்த காயை அணில் கொண்டுபோகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். எண்ணெய் வைத்த அன்றே பழைய கொசுவலையில் சின்னப் பை தைத்துக் கட்டிவிடுங்கள். பாலிதீன் பை வேண்டாம், உள்ளே வேர்த்து அழுகும். ஊருணிக் கரையில் நிற்கும் நாட்டு அத்திக்கும் இது பலிக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு மரம், அதன் பழத்துக்குள் குளவி புகுந்து நடக்கிற கதையே வேறு. அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மழை தொடங்கினபின் இலையடியில் துருப்பொடி போலப் படிந்து இலை கொட்டினால் அது துரு நோய். கொட்டினதைக் கூட்டி எரித்துவிடுங்கள், தொட்டியிலேயே மூடாக்காகப் போடாதீர்கள்.