தொழிற்பயிற்சி ஆசிரியர் வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் தேர்ச்சி பெறும் முறை

வகுப்பறைத் தொழில்நுட்பத்தைக் கற்க முனையும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களில் பலர், புரொஜெக்டரை இயக்கவும் ஸ்லைடு தயாரிக்கவும் பழகிய பிறகே அவற்றைப் பாடத்தில் எங்கே புகுத்தலாம் என்று தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வதே முதல் வேலை. உங்கள் தொழிற்பிரிவில் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறுகிற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாததாலா, கை பழகாததாலா, உள்ளே நடப்பது புலப்படாததாலா அந்தத் தவறு நேர்கிறது என்று எழுதிப் பாருங்கள். அது தெளிந்தால் தேவையான கருவியும் தெளிந்துவிடும். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் ஆசிரியரின் திறன் அமைகிறது என்று கல்வி ஆய்வாளர்களான மிஸ்ராவும் கோலரும் 2006-இல் விளக்கியது பட்டறைக்கு மிகவும் பொருந்தும்.

நுண்ணிய நீளங்களை அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்வோம். 0.02 மி.மீ. மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கொண்ட கருவியில் முதன்மை அளவுகோல் 24 மி.மீ. காட்ட, வெர்னியரின் 13-ஆம் பிரிவு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு நேராகப் பொருந்தினால், 13 × 0.02 = 0.26 சேர்ந்து அளவு 24.26 மி.மீ. ஆகும். கரும்பலகையில் இந்தக் கணக்கைத் தயங்காமல் போடுகிற மாணவரும், கருவியைக் கையில் கொடுத்தால் அடுத்தடுத்த மூன்று கோடுகளில் எது ஒன்றியது என்று திணறுவார். இங்கே குறை கணக்கில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது. ஆகவே கேமரா உதவும். கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, அதன் காட்சியைத் திரைக்கு அனுப்புங்கள். கேமரா அளவுகோலுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால், பார்க்கும் கோணத்தால் கோடுகள் இடம் மாறித் தெரிகிற இடமாறு தோற்றப் பிழையால் பக்கத்துக் கோடு ஒன்றியதுபோலத் தெரியும். எல்லோரும் அளவை எழுதிய பின், கேமராவை வேண்டுமென்றே சற்றுச் சாய்த்துக் காட்டுங்கள். 24.24 என்று எழுதியவர் தம் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அப்போது தாமே உணர்வார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடும் தகும் என்பேன்.

கைப்பழக்கம் சார்ந்த பிழைகளுக்கு வீடியோ நல்லது. அரத்தால் ராவும்போது கை மேலும் கீழும் ஆடினால் பரப்பு நடுவில் புடைத்துவிடும். மாணவரின் இசைவுடன், பக்கவாட்டிலிருந்து முழங்கை உயரத்தில் 20 நொடி பதிவுசெய்து, மெதுவாக ஓட்டி, முதலில் அவருக்கு மட்டும் காட்டுங்கள். எல்லோர் முன்னும் காட்டினால் அவர் கையைப் பார்க்க மாட்டார், கூச்சத்தில் தலைகுனிவார்.

மின்சுற்றுப் பாடங்களுக்கு, உண்மையான சுற்றைப் போலவே திரையில் இயங்கிக் காட்டும் கணினிப் பாவனை மென்பொருள் ஏற்றது. மல்டிமீட்டரை மின்னோட்ட அளவீட்டில் வைத்து மின்மூலத்தின் இரு முனைகளிலும் நேரே இணைத்தால் என்னவாகும் என்பதை அங்கே ஆபத்தின்றிச் செய்து பார்க்கலாம். ஆனால் பாவனையில் சூடும் புகையும் இல்லை என்பதால், இயன்றவரை அன்றே உண்மையான பலகையில், ஆசிரியரின் மேற்பார்வையில், சரியான இணைப்பைச் செய்யவைக்க வேண்டும்.

எதையும் வகுப்பில் முதன்முறையாக முயலாதீர்கள். ஆளில்லாத பட்டறையில், இயந்திர ஓசைக்கு நடுவே, கடைசி வரிசையில் நின்று திரை தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று சோதியுங்கள். மின்சாரம் நின்றால் தொடர்வதற்கு அதே பாடத்தின் மாதிரிப் பொருள்களைக் கைவசம் வையுங்கள். யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட, ஆசிரியர்களுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திறன் கட்டமைப்பு 18 திறன்களை மூன்று நிலைகளில் வகுக்கிறது. அத்தனையையும் ஒரே ஆண்டில் துரத்துவதைவிட, ஒரு பருவத்துக்கு ஒரு கருவி என்று பழகுவது நல்லது. கேமரா வைக்கும் முன் எத்தனை மாணவர் தவறாக அளந்தார்கள், வைத்த பின் எத்தனை பேர் என்று குறித்துவாருங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால், பிழையின் காரணமாக நீங்கள் முதலில் எழுதியதை எடுத்துத் திருத்துங்கள்.