பரிணாமம், படைப்பு, உயிரின் தோற்றம்: விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிணாமத்தைப் பற்றிய வாக்குவாதங்கள் பெரும்பாலும் கசப்பில் முடிவதற்குக் காரணம், பேசுகிறவர்கள் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பதுதான். பூமியில் முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது ஒரு கேள்வி. தோன்றிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு மாறிக் கிளைத்தன என்பது வேறொரு கேள்வி; பரிணாமம் என்பது இதுதான். இவற்றுக்கெல்லாம் பின்னால் இறைவன் இருக்கிறானா என்பது முற்றிலும் வேறு தளத்தைச் சேர்ந்தது. இவற்றைக் கலந்துவிடுவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சார்லஸ் டார்வின் பரிணாமத்தை விளக்கி 1859இல் வெளியிட்ட நூல் முதல் உயிரின் பிறப்பை விளக்க முற்படவே இல்லை. 1871இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில்தான், அம்மோனியாவும் பாஸ்பேட் உப்புகளும் கலந்த வெதுவெதுப்பான சிறு குட்டையில் ஒரு புரதச் சேர்மம் உருவாகியிருக்கலாமோ என்று ஓர் ஊகமாக அவர் அதைத் தொட்டார். ஆகவே, ‘முதல் செல் எப்படி வந்தது என்று தெரியாதபோது பரிணாமத்தை எப்படி ஏற்பது?’ என்ற கேள்வி பொருந்தாது. மனிதன் எப்போது முதன்முதலில் பேசினான் என்று தெரியவில்லை என்பதற்காக, லத்தீனிலிருந்து இத்தாலியமும் ஸ்பானியமும் கிளைத்தன என்பது பொய்யாகிவிடுவதில்லை.

இதே குழப்பம் எதிர்த்தரப்பிலும் உண்டு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஸ்டான்லி மில்லர் வெளியிட்ட சோதனையைக் காட்டி, ‘ஆய்வகத்திலேயே உயிரை உண்டாக்கிவிட்டார்கள்’ என்று பரிணாமத்தை ஆதரிப்பவர்கள் சிலர் சொல்வதுண்டு. மில்லர் செய்தது அதுவன்று. ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் இருந்ததாக அப்போது கருதப்பட்ட மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் சுழலவிட்டு, மின்னலுக்கு ஈடாக மின்பொறியைப் பாய்ச்சினார். சில நாட்களில் நீர் நிறம் மாறியது. அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் கிடைத்தன. அவை உயிரின் கட்டுமானப் பொருட்களே தவிர உயிர் அல்ல. உண்மையில் அந்த ஆதி வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுந்திருக்கலாம் என்று இன்று பலர் கருதுவதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. மறுபுறம், காய்ச்சிய சாற்றில் நுண்ணுயிர் தானாகத் தோன்றாது என்று லூயி பாஸ்டர் 1860களில் நிறுவியதைக் காட்டி, உயிரற்றதிலிருந்து உயிர் ஒருபோதும் வந்திருக்க முடியாது என்று வாதிடுவதும் தவறு. அவர் சோதித்தது, சில வாரங்களில் சாற்றில் முழு நுண்ணுயிர் தோன்றுமா என்பதை. ஆக்சிஜன் அற்ற ஆதிப் பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்த வேதிவினைகளை அல்ல. உயிரின் தோற்றம் இன்னும் விடை முழுமையடையாத ஆய்வு. அதை மறைக்க வேண்டிய தேவை அறிவியலை நேசிப்பவருக்கு இல்லை.

பரிணாமத்தின் நிலை அப்படிப்பட்டதன்று. அதற்கான ஆதாரம் மிக வலுவானது. ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?’ என்ற கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். இன்றிருக்கும் சிம்பன்சி மனிதனுக்கு மூதாதை அன்று. ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் வழியில் வந்த உறவினம். இதற்கான சான்று நம் ஒவ்வொருவரின் செல்லிலும் இருக்கிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 இணைக் குரோமோசோம்கள்; நமக்கு 23. ஓர் இணை எங்கே போயிற்று? நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டுமே திரளாக இருக்கும் டிஎன்ஏ வரிசை, ஒன்றையொன்று எதிர்நோக்கியபடி அமைந்திருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அது. சென்ட்ரோமியர் என்னும் மையப்பகுதி ஒரு குரோமோசோமில் வழக்கமாக ஒன்றே இருக்கும்; இதிலோ செயலிழந்துபோன இரண்டாவது ஒன்றின் எச்சமும் காணப்படுகிறது.

‘பரிணாமத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை’ என்பதும் இப்படிப்பட்ட ஒரு வாதம்தான். 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் ஒருவரே, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு அறிக்கை வெளியிட்டன. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 குடுவைகளில் ஈ. கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கி, 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரிகளை உறையவைத்து வந்தார். 31,000 தலைமுறைகளுக்குப் பின், ஒரே ஒரு குடுவையில், ஆக்சிஜன் உள்ள சூழலில் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாகக் கொள்ளும், ஈ. கோலைக்கு வழக்கமாக இல்லாத திறன் தோன்றியது. உறைந்த மாதிரிகளை மீண்டும் வளர்த்துப் பார்த்தபோது, பிந்தைய தலைமுறைகளிலிருந்து மட்டுமே அத்திறன் திரும்பத் தோன்றியது. அதற்குத் தேவையான முன்மாற்றங்கள் அவற்றில் ஏற்கெனவே சேர்ந்திருந்தன என்பதே பொருள். இதைப் பார்த்த பின்னும் பார்க்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

உயிர்களை இறைவனே படைத்தான் என்னும் படைப்புவாதத்தை ஒரே கருத்தாகக் கொள்வதும் தவிர்க்க வேண்டியதே. பூமி சுமார் 6,000 ஆண்டுகள் பழமையானது என்போர் உண்டு. உலகப் படைப்பைச் சொல்லும் பைபிளின் ஆதியாகமத்தில் வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நெடிய யுகம் என்று கொள்வோர் உண்டு. பரிணாமமே இறைவன் படைக்கும் வழி என்று நம்புவோரும் உண்டு. முதற்கருத்து சோதிக்கத்தக்கது, 454 கோடி ஆண்டுகள் என்று காட்டும் கதிரியக்கக் காலக்கணிப்பின் முன் அது நிற்பதில்லை. கடைசிக் கருத்தை எந்தச் சோதனையாலும் மறுக்க இயலாது, மறுக்க வேண்டியதும் இல்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996இல் பரிணாமம் ஒரு கருதுகோளுக்கும் மேலானது என்று கூறினார். 2005இல் அமெரிக்காவின் டோவர் நகரப் பள்ளிகளில் உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ கருத்தைப் புகுத்துவதற்கு எதிராகப் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பில் முதலில் சாட்சியம் அளித்த உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். மேலே சொன்ன இரண்டாம் குரோமோசோமை நீதிமன்றத்தில் விளக்கியவரும் அவரே. பரிணாமத்தை ஏற்பவரெல்லாம் நாத்திகர் என்று நினைப்பவர்களும், பரிணாமம் கடவுளை இல்லாமல் ஆக்கிவிட்டது என்று முழங்குபவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழர்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. சிவபுராணத்தின் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்ற அடியை எடுத்துக்காட்டி, டார்வினுக்கு முன்பே மாணிக்கவாசகர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அடுத்த அடிகளையும் படிக்க வேண்டும்: ‘பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்’ என்று அது செல்கிறது. பாம்புக்குப் பின் கல்லும் மனிதருக்குப் பின் பேயும் வரும் இவ்வரிசை உயிரியலின் வரிசையாக முடியாது. ஓர் உயிர் பிறவிதோறும் உழன்று, ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்’ என்று களைத்து இறைஞ்சும் குரல் அது. அந்த இளைப்பை உயிரியல் பாடக் குறிப்பாகச் சுருக்குவது மாணிக்கவாசகருக்கும் நியாயமன்று, டார்வினுக்கும் நியாயமன்று. தசாவதாரத்தின் மீன், ஆமை, பன்றி வரிசையைப் பரிணாமமாகக் காட்டுவோருக்கும் இதே விடைதான்.

2023இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியதை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுக்காத மாணவர் இதைப் பள்ளியில் படிக்காமலேயே வெளியேறுவார் என்ற அவர்களின் கவலை முற்றிலும் நியாயமானது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்பகுதி பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரே பாடமாக அமைந்திருக்கின்றன. அதை நடத்தும் ஆசிரியர், எது இன்னும் தேடப்படும் விடை, எது நிறுவப்பட்ட உண்மை என்பதை முதல் வகுப்பிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால், மாணவர்களின் கேள்விகள் சரியான இடத்தில் போய் விழும்.