பிள்ளைகளின் மனத்திடம்: கொங்கு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. பள்ளி வேன் வரும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்கிறது. ‘வேசம் போடாதே, எந்திரி’ என்று அதட்டுவோம். இல்லையென்றால் ‘சரி சாமி, இன்னைக்கு இருந்துக்க’ என்று விட்டுவிடுவோம். இரண்டுமே தவறு.

அந்த வலி பெரும்பாலும் நடிப்பாக இருக்காது. பயம் வரும்போது குடல் இறுகும், குமட்டும், தலை வலிக்கும். முதலில் டாக்டரிடம் காட்டி, உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, அன்று முதல் பீரியட் என்ன பாடம், எப்போது வலி விட்டது. சனி, ஞாயிறில் வராமல், வேன் போனதும் தானாக வலி அடங்கினால், பள்ளியில் ஏதோ ஒன்று பிள்ளையை வாட்டுகிறது என்று அர்த்தம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வதில் என்ன சிக்கல் என்றால், போகாமல் இருந்ததும் பயம் சட்டென்று குறைகிறது. ‘தப்பித்தால் நிம்மதி’ என்று மனம் பழகிவிடும். மறுநாள் பயம் கூடத்தான் செய்யும். ஒரு வாரம் நின்றுவிட்ட பிள்ளையைத் திரும்ப அனுப்புவது பெரும்பாடு. அதனால் காரணத்தை நிதானமாகக் கேளுங்கள்: அடியா, கேலியா, எழுந்து நின்று வாசிக்கும் பயமா, சுத்தமில்லாத கழிப்பறையா, வேனில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா? அடியோ சீண்டலோ என்றால் பெரியவர்கள்தான் பள்ளிக்குப் போய் நிறுத்த வேண்டும். பிள்ளையைத் தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். மற்றப் பயங்களுக்குப் படிப்படியான வழி உண்டு. வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டு, முதல் நாள் இரண்டு பீரியட், அடுத்து மதியச் சாப்பாடு வரை, பிறகு முழு நாள். வீட்டில் இருக்கும் நேரத்தில் டிவியும் போனும் வேண்டாம்.

இதைவிட அன்றாடம் நடக்கும் தவறு, அழும்போதே புத்தி சொல்வது. ‘பொட்டப்புள்ள மாதிரி அழுகாதே’ என்ற சொல் ஆண்பிள்ளைக்கு அழுகையை மறைக்கக் கற்றுத் தரும். கேட்டுக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளையையும் காயப்படுத்தும். அழுகையோ கோபமோ உச்சத்தில் இருக்கும்போது எந்த அறிவுரையும் உள்ளே இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து, முதல் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். அப்புறம், ‘உன்னைய விட்டுட்டு அவங்க மட்டும் விளையாடப் போனது கஷ்டமா இருந்துச்சா கண்ணு?’ என்று கேளுங்கள். நீங்கள் ஊகித்தது தப்பு என்றால் பிள்ளையே திருத்தும். பேச்சு அங்கேதான் தொடங்கும். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவதைப் பத்து முறை சேர்ந்து செய்யலாம். இதைச் சும்மா இருக்கும் நேரத்திலேயே பழக்கியிருக்க வேண்டும். அழும்போது புதிதாகக் கற்றுக்கொடுத்தால் எரிச்சல்தான் வரும். அழுகை அடங்கியபின் ‘இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிற?’ என்று கேளுங்கள். கோபத்துக்கு இடம் கொடுக்கலாம், தம்பியை அடிப்பதற்குக் கூடாது. இந்த எல்லை தெளிவாக இருக்கட்டும்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை கிடைக்கும் போன் பேச்சில் ‘டெஸ்ட்ல எவ்வளவு?’ என்றுதான் முதல் கேள்வி விழுகிறது. குறைந்த மார்க் எடுத்த பிள்ளை அதற்குமேல் எதையும் சொல்லாது. ‘ம்’, ‘சரி’ என்று முடித்துவிடும். முதல் ஐந்து நிமிடம் மார்க் பேச்சே வேண்டாம். ‘நைட் தூக்கம் வருதா? யாருகூட உக்காந்து சாப்பிடற? இந்த வாரம் எது பிடிக்கல?’ என்று கேளுங்கள். ‘இங்க இருக்க முடியலப்பா’ என்று சொன்னால், ‘பீஸ் கட்டியாச்சு’ என்பது பதிலாகாது. ‘என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணு’ என்று கேட்டுவிட்டு, அதே வாரத்தில் நேரில் போய்ப் பாருங்கள்.

விசேஷ வீட்டில் பத்துப் பேர் நடுவே ‘பங்காளி வீட்டுப் பையன் 580, இவன் 430’ என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடலாம். பிள்ளை நம்பிச் சொன்னதை உறவுக்காரர்களிடம் பரப்புவதும் அப்படியே. ஒருமுறை பரவினால் அடுத்த முறை சொல்லவே சொல்லாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் பெற்றோர், கூட இருக்க முடியவில்லையே என்ற தவிப்பில் கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள். அம்முச்சியோ (அம்மாவின் அம்மா) பையைக்கூடத் தானே அடுக்கிக் கொடுக்கிறார். சின்னக் கஷ்டத்தைத் தானே சமாளித்த அனுபவம்தான் பெரிய கஷ்டத்தில் கைகொடுக்கும். ஆறு வயதில் பை அடுக்கட்டும். பத்து வயதில் மளிகைக் கடைக்குப் போய்ச் சில்லறைக் கணக்குச் சொல்லட்டும். மறந்துவிட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள்.

தூக்கத்தைப் பரீட்சைக்காகக் குறைக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8–10 மணி நேரமும் வேண்டும்.

கடைசித் தவறுதான் ஆபத்தானது: ‘வயசுக் கோளாறு, சரியாயிடும்’ என்று காத்திருப்பது. பிள்ளைகளிடம் மனச்சோர்வு பல நேரம் சோகமாகத் தெரியாது, எரிச்சலாகத் தெரியும். எரிச்சல், தூக்கக் குறைவு, விளையாட்டில் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உதவி தேடுங்கள். ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சோ, உடம்பில் கீறல்களோ, ஆசைப்பட்ட பொருளைத் தானம் கொடுப்பதோ தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ‘செத்துப்போலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பேச வழி கிடைக்கும். தோணுகிறது என்று சொன்னால் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டு மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியைப் பெரியவர் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சிக்கலும் இல்லாத வீட்டிலும் இது அவசியம்.

14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது கொடுமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த இரண்டு வார நோட்டையும், ஆசிரியர் சொன்னதையும், பிள்ளை சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டர் பிள்ளையிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றால் வெளியே உட்காருங்கள். வீடு திரும்பும் வழியில் ‘உள்ள என்ன கேட்டாங்க?’ என்று துருவாதீர்கள்.