பாரிஸ் பேஸ்ட்ரி கடைக்கு முதல் முறை போகிறீர்களா?

பாரிஸில் இன்றைய பேஸ்ட்ரி கடைகள் பலவும் பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் சாப்பிடும் அளவில் சின்னச் சின்ன கேக்குகள், முன்னால் பெயரும் விலையும். அதைப் பார்த்துத் தயங்கி வாசலோடு திரும்பிவிடாதீர்கள். விஷயம் சுலபம்தான்.

1. நேரம்

காலையிலேயே போங்கள். க்ரீம் நிரப்பிய பண்டங்கள் சாயங்காலத்துக்குள் நமத்துவிடும், நல்லவை தீர்ந்தும் போகும். திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. ஞாயிறு காலையில் வீட்டு விருந்துக்கு கேக் வாங்க வரும் கூட்டம் நிற்கும்.

2. வணக்கம்

உள்ளே நுழைந்ததும் 'போன்ஷூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அப்புறம் வேண்டியதை விரலால் காட்டினாலே போதும், எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துத் தருவார்கள். நாமாக எதையும் தொடக் கூடாது.

3. சைவமா என்று கேட்பது

நம்மில் பலருக்கு இதுதான் முக்கியம். முட்டை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் மூஸ் கேக்குகளை (நுரை போல மென்மையான க்ரீம் கேக்குகள்) பெரும்பாலும் ஜெலட்டின் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. சாதாரண க்ரீமிலும் சிலர் சேர்ப்பதால், பார்த்து ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே சொல்தான், 'ஜெலத்தீன்?' என்றாலே புரிந்துகொள்வார்கள். 'பாபா ஓ ரம்' என்ற கேக் நிஜமாகவே ரம்மில் ஊறியது. குழந்தைகளுக்கு வாங்காதீர்கள்.

4. எதை வாங்குவது

பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று வாங்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டால்தான் இந்தக் கலை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியும்.

பழையதில் என் தேர்வு பாரிஸ்-ப்ரெஸ்ட். அந்தப் பெயரில் நடந்த சைக்கிள் பந்தயத்தை வைத்து 1910-ல் லூயி துரான் என்பவர் சைக்கிள் சக்கர வடிவில் செய்தது. உப்பிய மாவு வளையத்தைக் குறுக்கே அறுத்து, நடுவில் ப்ராலினே க்ரீம் பிழிந்திருப்பார்கள். ப்ராலினே என்பது வறுத்த பாதாம், ஹேசல்நட் போன்ற கொட்டைகளையும் காய்ச்சிய சர்க்கரையையும் விழுதாக அரைத்தது. மேலே பாதாம் சீவல் பொன்னிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வேறொன்றைப் பாருங்கள்.

புதியதில், பாரிஸின் பிரபல பேஸ்ட்ரி கலைஞர் பியேர் எர்மேயின் இஸ்பஹான். ரோஜா நிற மக்கரோன் (பாதாம் மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்) இரண்டு, நடுவில் ரோஜா க்ரீமும் லிச்சியும், விளிம்பைச் சுற்றி முழு ராஸ்பெரிகள். உச்சியில் ஒரு ரோஜா இதழ், அதன்மேல் பனித்துளி போல ஒரு சொட்டு குளுக்கோஸ். ரோஜா மணம் முதலில் வரும், லிச்சி அதைத் தாங்கிப் பிடிக்கும், ராஸ்பெரியின் புளிப்பு இனிப்பைத் திகட்டாமல் காப்பாற்றும். எத்தனை முறை சாப்பிட்டாலும் இந்தக் கணக்கை நான் வியக்கிறேன்.

5. சாப்பிடும் முறை

பெட்டியைச் சாய்க்காமல் பிடியுங்கள். எர்மேயின் ரூ பொனபார்த் கடையில் வாங்கினால் பக்கத்திலேயே சேன் சுல்பிஸ் சதுக்கம், கொஞ்சம் நடந்தால் லுக்சம்பூர் தோட்டம். உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. மூஸ் கேக்கைக் குளிர்ச்சி சற்றுக் குறையும்வரை விட்டுவையுங்கள், அப்போதுதான் மணம் எழும். முட்கரண்டியை மேலிருந்து அடிவரை இறக்கி, எல்லா அடுக்கும் ஒரே வாயில் சேரும்படி எடுங்கள். மொறுமொறு மாவு அடுக்குகளுக்கு நடுவே க்ரீம் வைத்த மில்ஃபாயை மட்டும் பக்கவாட்டில் படுக்க வைத்து வெட்டுங்கள். நிமிர்ந்த நிலையில் அழுத்தினால் க்ரீம் எல்லாம் பிதுங்கிவிடும்.

6. அறைக்குக் கொண்டுபோக

க்ரீம் கேக்குகள் வேண்டாம், அன்றே தீர்த்துவிட வேண்டியவை அவை. மக்கரோன் என்றால் ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள் தாங்கும். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரி.